நெதர்லாந்து கிராமத்தில் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

நாங்கள் வீடு பார்க்கப் போன அன்று, நாட்டின் வடகிழக்கில் இருக்கும் ட்ரெந்தே மாகாணத்தில் நல்ல வெயில். ஜூன் மாதம். ஓட்டு வீடு, பின்னால் ஒரு ஆப்பிள் மரம், அதற்கும் பின்னால் கண்ணுக்கெட்டிய வரை உருளைக்கிழங்கு வயல். தரகர் ஒதுக்கியிருந்த அரை மணி நேரத்தில் சமையலறை அலமாரிகளைத் திறந்து பார்த்தோம், ஏணி மாதிரி செங்குத்தாக நின்ற மாடிப்படியைப் பார்த்துச் சிரித்தோம், குளியலறை டைல்ஸை மாற்றலாமா என்று பேசிக்கொண்டோம். தோட்டத்து மூலையில் நின்ற பச்சைப் பெட்டி எதற்கு என்று கேட்கவில்லை. வேலியோரம் ஓடிய வாய்க்கால் யாருடையது என்றும் கேட்கவில்லை. இரண்டுக்கும் பதில் பிறகு தானாகவே வந்து சேர்ந்தது. அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

நகரத்தில் அடுக்குமாடி வீடு வாங்கினால் நான்கு சுவருக்குள் இருப்பதைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். கிராமத்தில் தலைவலி கொடுப்பவை வேலிக்கு அந்தப் பக்கமும், மண்ணுக்கு அடியிலும், நகராட்சியின் காகிதத்திலும் இருக்கின்றன. வங்கிக் கடனைப் பற்றியும், சொத்துப் பத்திரத்தை எழுதிப் பதிவு செய்யும் நோட்டரியைப் பற்றியும் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மற்றதற்கு இங்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் ஊர், அப்புறம்தான் வீடு

வீடு தேடும் எல்லாரும் போவது ஃபண்டா இணையதளத்துக்கு. அங்கே படங்களைப் பார்த்தே மயங்கிவிடலாம். ஆம்ஸ்டர்டாமில் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டுக்குக் கேட்கும் விலையில் ட்ரெந்தேயிலோ கிழக்கு க்ரோனிங்கனிலோ கொட்டகையும் தோட்டமுமாகத் தனி வீடு கிடைக்கும். நாடு முழுக்கப் பார்த்தால் 2024இல் விற்ற பழைய வீடுகளின் சராசரி விலை ஏறக்குறைய 4.5 லட்சம் யூரோ. தள்ளியிருக்கும் கிராமங்களில் அதற்குக் கீழேயே நல்ல வீடு கிடைக்கிறது. விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணம் உங்களைப் பாதிக்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வடகிழக்கு க்ரோனிங்கன், ஸேலந்தின் தென்பகுதி, தெற்கு லிம்பர்க் போன்ற இடங்களை மக்கள்தொகை சுருங்கும் பகுதிகள் என்று அரசே சொல்கிறது. ஆள் குறைந்தால் பள்ளி மூடும். ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 23 குழந்தைகளுக்குக் கீழே போனால் அரசுப் பணம் நின்றுவிடும் என்பது பொதுவான விதி. குழந்தை இருப்பவர்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று நேரே போய்க் கேட்கலாம், மறைக்க மாட்டார்கள். குடும்ப மருத்துவரிடமும் புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். பக்கத்து ஊர் மருத்துவர் கதவை மூடியிருந்தால், 15 கிலோமீட்டர் தள்ளி ஒருவரைத் தேட வேண்டியிருக்கும்.

பேருந்து விஷயத்தில் ஏமாறாதீர்கள். சின்ன ஊர்களில் ஓடுவது ‘பூர்ட்பஸ்’. எட்டுப் பேர் உட்காரும் வண்டி, ஓட்டுவது ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற தன்னார்வலர்கள். அன்பான மனிதர்கள், ஆனால் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையும் அந்த வண்டியை நம்ப முடியாது. ஆகவே கார் வேண்டும், கார் என்றால் உரிமம் வேண்டும். இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமம் நீங்கள் இங்கே குடியேறிய பிறகு 185 நாள்தான் செல்லும். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கான 30 விழுக்காடு வரிச்சலுகை உள்ளவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தேர்வு எழுதாமலே மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்கள் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் தேற வேண்டும். வீட்டுச் சாவி கைக்கு வரும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

பிடித்த ஊருக்கு மூன்று தடவையாவது போய்ப் பாருங்கள். ஒன்று வேலைநாள் காலையில், அலுவலகம் போகும் நேரத்தில். ஒன்று மழை பெய்யும் நவம்பரில், மாலை ஐந்து மணி இருட்டில். இன்னொன்று பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ. பிப்ரவரி நடுவிலிருந்து புல்வெளிகளில் மாட்டுச் சாணக் கரைசலை மண்ணுக்குள் செலுத்த அனுமதி உண்டு. ஜூன் மாதத்தில் ‘கிராமத்துக் காற்று’ என்று மூச்சை இழுத்துவிட்டோமே, அந்தக் காற்றின் இன்னொரு முகம் மார்ச்சில் தெரியும். துணி காயப் போட முடியாது. எனக்குப் பழகிவிட்டது, மனைவிக்கு இன்னும் பழகவில்லை.

பக்கத்து வயலில் என்ன பயிர் என்பதும் முக்கியம். தென்மேற்கு ட்ரெந்தேயில் லில்லி வயல்களுக்கு அடிக்கும் மருந்தை எதிர்த்து, பக்கத்தில் குடியிருப்பவர்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். லில்லியை ஒரே நிலத்தில் தொடர்ந்து போட முடியாது, இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இந்த ஆண்டு புல்லாக இருக்கும் நிலம் அடுத்த ஆண்டும் புல்லாகவே இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

பணக் கணக்கு

கடன் ஆலோசகர் ஒருவரை வைத்துக்கொண்டு, எவ்வளவு கடன் கிடைக்கும் என்று தெரிந்த பிறகே வீடு பார்க்கப் போங்கள். தோராயமாக ஆண்டு மொத்த வருமானத்தின் நாலரை மடங்கு. வட்டி விகிதம், துணைவரின் வருமானம், பாக்கி இருக்கும் கல்விக் கடன் எல்லாம் அதை ஏற்றி இறக்கும். தற்காலிக வேலை ஒப்பந்தம் என்றால் நிறுவனத்திடம் ‘தொடர்ந்து வைத்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறது’ என்று ஒரு கடிதம் வாங்க வேண்டும். தற்காலிகக் குடியிருப்பு அனுமதி உள்ளவர்களுக்கும் கடன் கிடைக்கும், ஆனால் கொடுக்கும் வங்கிகள் குறைவு.

வீட்டின் மதிப்பில் 100 விழுக்காடு வரை கடன் தருகிறார்கள் என்று கேட்டதும் கையில் காசே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். விலைக்குப் பக்கத்தில் ‘கே.கே.’ என்று இரண்டு எழுத்து இருக்கும். செலவு வாங்குபவர் தலையில் என்று பொருள். சொத்து மாற்று வரி 2 விழுக்காடு, நோட்டரி, மதிப்பீடு, ஆலோசகர் கட்டணம், தரகர் வைத்தால் அவர் கட்டணம், இவையெல்லாம் சேமிப்பிலிருந்து போகும். விலையில் ஐந்து ஆறு விழுக்காடு கையில் இருந்தால் நிம்மதி. 35 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை அந்த 2 விழுக்காடு வரியும் இல்லை, 2025 கணக்குப்படி வீட்டு விலை 5.25 லட்சம் யூரோவைத் தாண்டாமல் இருந்தால். இந்த வரம்பு ஆண்டுதோறும் மாறும். கணவனுக்கு 36, மனைவிக்கு 33 என்றால் மனைவியின் பங்குக்கு மட்டும் விலக்கு.

கிராமத்தில் இந்த வரியில் ஒரு பொறி இருக்கிறது. 2 விழுக்காடு என்பது நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கும் அதோடு சேர்ந்த தோட்டம், கொட்டகைக்கும் மட்டும். வீட்டோடு சேர்த்து ஒரு ஹெக்டேர் மேய்ச்சல் நிலமும் விற்கிறார்கள் என்றால், அந்த நிலத்துக்கு 10.4 விழுக்காடு வரி வரலாம். ‘குதிரை வளர்க்க ஏற்ற இடம்’ என்று விளம்பரம் போட்டிருக்கும் வீடுகளில் இது நடக்கும். எந்தத் துண்டு எந்தக் கணக்கில் வருகிறது என்று விலை சொல்வதற்கு முன்பே நோட்டரியிடம் கேளுங்கள். வங்கிகளும் பெரிய நிலத்தோடு வரும் வீட்டுக்கு யோசித்துத்தான் கடன் கொடுக்கும்.

என்.ஹெச்.ஜி. என்ற தேசிய அடமான உத்தரவாதம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2025இல் 4.5 லட்சம் யூரோ வரையான வீடுகளுக்கு இது இருந்தது, இந்த வரம்பும் மாறும். கடன் தொகையில் 0.4 விழுக்காடு ஒருமுறை கட்டினால் வட்டி குறையும். வேலை போயோ விவாகரத்தாகியோ, அதனால் வீட்டை நட்டத்துக்கு விற்க நேர்ந்தால் மீதிக் கடனுக்கு இது கைகொடுக்கும். கிராமத்து வீடுகளில் பல இந்த வரம்புக்குள் அடங்கும், அது ஒரு நல்ல விஷயம்.

காகிதத்தில் அது வீடுதானா

இந்தக் கேள்வி சிரிப்பாக இருக்கும். ஆனால் கிராமத்தில் இதுதான் முதல் கேள்வி. பார்ப்பதற்கு வீடு, படுக்கையறை இருக்கிறது, சமையலறை இருக்கிறது, ஆனால் சட்டப்படி அதில் நீங்கள் குடியிருக்க முடியாமல் போகலாம்.

2024 ஜனவரி 1 முதல் புதிய சுற்றுச்சூழல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு நிலத்தையும் எதற்குப் பயன்படுத்தலாம் என்பது நகராட்சியின் ‘ஓம்ஹேவிங்ஸ்ப்ளான்’ என்ற திட்டத்தில் இருக்கும். முன்பு இதற்கு ‘பெஸ்டெமிங்ஸ்ப்ளான்’ என்று பெயர், தரகர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். ஓம்ஹேவிங்ஸ்லோகெத் இணையதளத்தில் வரைபடத்தைத் திறந்து முகவரியைப் போட்டால் விதிகள் வரும். அங்கே ‘வோனென்’, அதாவது குடியிருப்பு என்று இருந்தால் நல்லது. மற்ற மூன்று வார்த்தைகளைக் கண்டால் நின்று யோசிக்க வேண்டும்.

‘ரெக்ரேயாட்டி’ என்றால் விடுமுறைக் குடில். காட்டுக்கு நடுவே அழகாக, விலை பாதியாக இருக்கும். நிரந்தரமாகக் குடியிருப்பதைப் பெரும்பாலான நகராட்சிகள் அனுமதிப்பதில்லை, அபராதம் போடுவார்கள். ‘ஆகிராரிஷ்’ என்றால் விவசாயப் பயன்பாடு. அந்த வீட்டில் பண்ணை நடத்துகிறவர்தான் இருக்கலாம், ஐ.டி. வேலை பார்க்கும் நீங்கள் இருக்க முடியாது. பல வங்கிகள் கடனும் தராது. மூன்றாவது ‘ப்ளாட்டலான்ட்ஸ்வோனிங்’. பழைய பண்ணை வீடு, பண்ணையோடு தொடர்பு இல்லாதவர் குடியிருக்க அனுமதி உண்டு. ஆனால் அந்தப் பண்ணையிலிருந்து வரும் நாற்றத்துக்கும் சத்தத்துக்கும் எதிராக மற்ற வீடுகளுக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு இதற்குக் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டை வாங்கிவிட்டுப் பன்றிக் கொட்டகை மணக்கிறது என்று புகார் கொடுத்துப் பயனில்லை.

தரகர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். எழுத்தில் நகராட்சியிடம் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். இன்னொன்றும் செய்யலாம். கடாஸ்டர் என்ற நிலப் பதிவேட்டில் சில யூரோ கொடுத்து அந்த மனையின் விவரங்களை எடுத்துப் பாருங்கள். பழைய விற்பனை விலை, நிலத்தின் எல்லை, அதன்மேல் இருக்கும் உரிமைகள் தெரியும். பக்கத்து விவசாயி தன் டிராக்டரை உங்கள் முற்றம் வழியாக ஓட்டிக்கொண்டு போகும் வழிப்பாதை உரிமை 1930களில் எழுதப்பட்டிருந்தாலும் இன்றும் செல்லும்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது

வீடு பார்க்கப் போகிற அன்று ஒரு டார்ச், ரப்பர் பூட்ஸ், கூச்சம் இல்லாத மனம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த நாட்டுச் சட்டப்படி விற்பவர் தெரிந்த குறைகளைச் சொல்ல வேண்டும், வாங்குபவர் விசாரிக்க வேண்டும். பழைய வீடு என்றால் ஒப்பந்தத்தில் ‘வயதுப் பிரிவு’ ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள். இது பழைய வீடு, புது வீட்டின் தரத்தை எதிர்பார்க்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். அதில் கையெழுத்துப் போட்ட பிறகு புலம்புவது கஷ்டம்.

கழிவுநீர் எங்கே போகிறது என்று முதலில் கேளுங்கள். ஊர் நடுவில் சாதாரண சாக்கடைக் குழாய் இருக்கும். ஊருக்கு வெளியே இருக்கும் வீடுகளில் அழுத்தக் குழாய் முறை இருக்கும். தோட்டத்தில் ஒரு குழி, அதற்குள் பம்ப், பக்கத்தில் ஒரு பச்சைப் பெட்டி. நாங்கள் கேட்காமல் விட்டது அதைத்தான். குடிவந்த முதல் ஜனவரியில் ஒரு இரவு அந்தப் பெட்டியின் மேல் சிவப்பு விளக்கு சுழல ஆரம்பித்தது. நான் ஏதோ திருட்டு அலாரம் என்று நினைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். காலையில் எதிர்வீட்டுப் பெரியவர் வந்து பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினார். நகராட்சி ஆள் வந்து பம்பைத் தூக்கியபோது அதைச் சுற்றி எங்கள் வீட்டுக் குழந்தையின் ஈரத் துடைப்புத் தாள்கள் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தன. அழுத்தக் குழாயும் இல்லாத இடங்களில் செப்டிக் டேங்க் அல்லது சிறு சுத்திகரிப்புத் தொட்டி இருக்கும். அது யாருடையது, எப்போது கடைசியாகக் காலி செய்தார்கள், விதிகளுக்கு உட்பட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கொட்டகைக் கூரையை உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் அலை அலையாக இருக்கும் தகடு, 1993க்கு முந்தையது என்றால், ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆண்டு ஜூலையில்தான் இங்கே ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை வந்தது. கூரைகளை எல்லாம் 2024க்குள் அகற்ற வேண்டும் என்று கொண்டுவரப்பட்ட சட்டத்தை 2019இல் செனட் நிராகரித்துவிட்டது. ஆகவே உடனே அகற்றக் கட்டாயம் இல்லை. ஆனால் உடைந்து உதிர்ந்தாலோ தீப்பிடித்தாலோ செலவு பெரியது, காப்பீட்டிலும் சிக்கல். திருகாணியில் மாட்டிய தகடுகளை 35 சதுர மீட்டர் வரை நகராட்சிக்குத் தெரிவித்துவிட்டு நீங்களே கழற்றலாம். அதற்கு மேல் என்றால் உரிமம் பெற்ற நிறுவனம்தான். கொட்டகை பெரிதாக இருந்தால் அந்தச் செலவை விலையிலேயே பேசி முடியுங்கள்.

நாணல் கூரை வீடு புகைப்படத்துக்கு அழகு. ஒரு நாணல் கூரை நல்ல பராமரிப்பில் 30, 40 ஆண்டுகள் வரும். கடைசியாக எப்போது வேய்ந்தார்கள் என்று கேட்டால் மீதி எத்தனை என்று நீங்களே கழித்துக்கொள்ளலாம். தீக் காப்பீட்டுக் கட்டணமும் ஓட்டு வீட்டைவிட அதிகம். விலை சொல்வதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு தடவை போன் செய்துவிடுங்கள்.

பழைய பண்ணை வீடுகள் பலவற்றில் எண்ணெய் அடுப்பு இருந்திருக்கும். எண்ணெய்த் தொட்டி மண்ணுக்கு அடியில் கிடக்கலாம். அதை முறையாகக் காலி செய்து அகற்றியதற்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மண் மாசுச் சோதனை வேண்டும். சமையலுக்கும் சூடாக்கவும் குழாய் எரிவாயு வராத இடத்தில் புரோபேன் தொட்டி இருக்கும், அது பெரும்பாலும் எரிவாயு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்ததாக இருக்கும். ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

வீட்டின் வெளிச்சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாகக் கறை இருந்தால் பயப்பட வேண்டாம். தோட்டத்துக்கு ஆழ்குழாய்த் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள், அதில் இரும்பு அதிகம். குடிக்க எல்லா வீட்டுக்கும் குழாய்த் தண்ணீர் வருகிறது. ஆனால் அறைக்குள் சுவரடியில் உப்புப் பூத்திருந்தால் அது வேறு கதை. 1920களுக்கு முந்தைய வீடுகளில் இரட்டைச் சுவர் இடைவெளி பெரும்பாலும் இருக்காது. ஈரம் ஏறும், வெப்பம் தங்காது. ஆற்றல் தரச் சான்று எஃப், ஜி என்றிருந்தால் குளிர்காலச் செலவு உறுதி. தரம் ஈ, எஃப், ஜி உள்ள வீட்டைச் சீர்செய்ய, வருமான வரம்புக்கு மேல் 20,000 யூரோ வரை கூடுதலாகக் கடன் கிடைக்கும். சூரியத் தகடுகளை மட்டும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மின்கட்டமைப்புக்கு நீங்கள் கொடுத்த மின்சாரத்தை அதிலிருந்து எடுத்ததில் கழிக்கும் முறை 2027 ஜனவரி 1 அன்று முடிகிறது.

இரண்டு பகுதிகளுக்குத் தனி எச்சரிக்கை. ஃப்ரீஸ்லாந்திலும் மேற்கு மாகாணங்களிலும் களிமண், கரி மண் மேல் நிற்கும் பழைய வீடுகள் பலவற்றுக்கு மரக் கழிகள்தான் அடித்தளம். நிலத்தடி நீர் இறங்கினால் கழியின் தலை காற்றுபட்டு மக்கும், சுவர் சாயும். அடித்தளச் சோதனை இல்லாமல் அங்கே வாங்காதீர்கள். க்ரோனிங்கன் மாகாணத்தில் எரிவாயு எடுத்ததால் நிலநடுக்கம் வந்தது. 2012 ஆகஸ்ட் 16 அன்று ஹெய்ஸிங்கே ஊரில் வந்தது 3.6 அளவு. 2023 அக்டோபரில் எரிவாயு எடுப்பதை நிறுத்தினார்கள், 2024 ஏப்ரலில் சட்டப்படி நிரந்தரமாக. நடுக்கம் உடனே நின்றுவிடாது. அங்கே வாங்குபவர்கள் இந்த வீட்டில் என்ன சேதம் பதிவானது, எவ்வளவு இழப்பீடு கிடைத்தது, வலுப்படுத்தும் பணி முடிந்ததா என்பதற்கான காகிதங்களை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். மதிப்புக் குறைவுக்கான இழப்பீட்டை முந்தைய உரிமையாளர் வாங்கியிருந்தால் நீங்கள் மறுபடி கேட்க முடியாது.

விலை சொல்வதும் ஒப்பந்தமும்

விளம்பரத்தில் இருக்கும் விலையை அப்படியே தருகிறேன் என்று சொன்னால் வீடு உங்களுடையது என்று நினைக்காதீர்கள். அந்த விலை ‘வந்து விலை சொல்லுங்கள்’ என்ற அழைப்பு மட்டும்தான் என்று உச்ச நீதிமன்றம் 1981இலேயே சொல்லிவிட்டது. விற்பவர் யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். மூடிய உறையில் விலை கேட்கும் முறையும் உண்டு, எல்லாரும் ஒரே தடவைதான் எழுதலாம். நீங்கள் தோற்றால் ஏலப் பதிவேட்டைக் காட்டச் சொல்லலாம், பெரிய தரகர் சங்கங்களின் உறுப்பினர்கள் அதை வைத்திருக்க வேண்டும்.

கிராமத்தில் எல்லா வீடும் ஃபண்டாவில் வருவதில்லை. சில ஜன்னலில் ஒரு அட்டையோடு விற்றுப்போகும், சில தேநீர் மேசையிலேயே. உள்ளூர்த் தரகர் ஒருவரை வாங்குபவர் பக்கம் வைத்துக்கொண்டால் இந்த வீடுகள் கண்ணில் படும். உள்ளூரில் எந்தப் பண்ணை விரிவாகப் போகிறது, எங்கே காற்றாலை வரப்போகிறது என்று அவருக்குத்தான் தெரியும். என் அனுபவத்தில் அந்தக் கட்டணம் வீணாகவில்லை.

நிபந்தனைகள் இல்லாமல் விலை சொன்னால் வெல்வது எளிது. ஆனால் கிராமத்து வீட்டுக்கு அப்படிச் செய்யாதீர்கள். கடன் கிடைக்காவிட்டால் விலகும் உரிமை, கட்டடச் சோதனையில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பழுது தெரிந்தால் விலகும் உரிமை, இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கட்டடச் சோதனைக்கு ஐநூறு யூரோவுக்கு அங்கே இங்கே ஆகும். எங்கள் சோதனையாளர் தரைக்கு அடியில் ஊர்ந்து போய், தலையில் சிலந்தி வலையோடு வெளியே வந்து, உத்தரம் ஒன்று பூச்சி அரித்திருக்கிறது என்று சொன்னார். அதை வைத்தே விலையில் 6,000 யூரோ குறைந்தது.

வாய்ச் சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை. தனிநபர் வாங்கும் வீட்டுக்கு எழுத்து ஒப்பந்தம்தான் செல்லும். ஆகவே இரண்டு பக்கமும் கையெழுத்திடும் வரை விற்பவரும் மனம் மாறலாம், நீங்களும் மாறலாம். கையெழுத்திட்ட நகல் கைக்கு வந்த மறுநாளிலிருந்து மூன்று நாள் யோசிக்க நேரம், அதில் குறைந்தது இரண்டு நாள் வேலைநாளாக இருக்க வேண்டும். அதற்குள் காரணமே சொல்லாமல் விலகலாம். அதற்குப் பிறகு விலகினால், நிபந்தனைக்குள் வராவிட்டால், விலையில் 10 விழுக்காடு போய்விடும். அந்த 10 விழுக்காட்டை ரொக்கமாகவோ வங்கி உத்தரவாதமாகவோ சில வாரத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலானவர்கள் உத்தரவாதத்தையே எடுக்கிறார்கள்.

நோட்டரியிடம்

நோட்டரியைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் வாங்குபவர். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், இரண்டு மூன்று பேரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டச்சு போதாதவர்களுக்குப் பத்திரத்தைப் படித்துச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் கட்டாயம். முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால் நாளே தள்ளிப்போகும். பணம் முழுக்க நோட்டரியின் கணக்கு வழியாகவே போகும், உறைக்குள் தனியாக எதுவும் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. பத்திரத்தில் கையெழுத்திடும் அன்று காலை வீட்டை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்து, மின், தண்ணீர் மீட்டர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பச்சைப் பெட்டி விளக்கும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குடிவந்த பிறகு

குடிவந்து ஐந்து நாளுக்குள் நகராட்சியில் முகவரியை மாற்றிவிடுங்கள். சொத்து வரி, குப்பை வரி, சாக்கடை வரி நகராட்சியிடமிருந்து வரும். அதோடு நீர் வாரிய வரி தனியாக வரும். நாடு முழுக்க 21 நீர் வாரியங்கள், இவற்றில் சிலவற்றின் வேர் 13ஆம் நூற்றாண்டு வரை போகிறது, நாடாளுமன்றத்தைவிட மூத்தவை. அவற்றுக்கு நீங்கள் வரி மட்டும் கட்டினால் போதாது, வாய்க்காலும் தூர்வார வேண்டும்.

அண்டை வீட்டாரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள், அவர்கள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ட்ரெந்தேயிலும் கிழக்கே இருக்கும் ட்வென்த்தேயிலும் ‘நாபர்’, அதாவது அண்டை வீட்டார் என்ற பழைய கட்டுப்பாடு இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்களுக்கு மிக அருகில் இருப்பவர் ‘நோட்நாபர்’, ஆபத்துக்கு முதலில் வர வேண்டியவர். நீங்களும் அவருக்கு அப்படித்தான். கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு எல்லாவற்றிலும் அக்கம்பக்கத்துக்கு வேலை உண்டு. அமைதியான ஊர் என்று நினைத்துப் புத்தாண்டு இரவில் சீக்கிரம் தூங்கப் போகாதீர்கள். பால் கேனில் கார்பைடு போட்டு வெடிப்பார்கள், ஜன்னல் அதிரும்.

எங்கள் முதல் அக்டோபரில் நீர் வாரியத்திடமிருந்து வந்த கடிதத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தேன். ‘ஆய்வுக்கு முன் உங்கள் பக்கம் இருக்கும் வாய்க்காலில் இருந்து செடிகொடிகளை அகற்றுக’ என்று வந்தது. என் பக்கம் எது? எல்லை வாய்க்காலின் நடுவில் போகிறது, பாதி எனக்கு, பாதி எதிர்வீட்டுக்காரருக்கு. 40 மீட்டர் நீளம். அந்தச் சனிக்கிழமை ஒன்பதரை மணிக்குப் பெரியவர் இரண்டு நீளக் கொக்கிகளோடு வாசலில் நின்றார். ஒன்றை என் கையில் கொடுத்தார். அவர் பாதியைச் செய்து முடித்துவிட்டு, வழியெல்லாம் சேறு வழிய என் பக்கம் ஏறி வந்து, நான் இழுத்துப் போட்டிருந்த நாணலைப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் ஆழமாக இழு,” என்றார். “பத்தரைக்குக் காபி.”